பல்லாங்குழியில் ஒரு கணவாய் ராஜ்ஜியம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. எங்கள் மேசையில் அதை நடத்துகிறவன் நான். பதினாலாவது செஷனில் என் மேசைக்காரர்கள் ஐந்து பேரும் கணவாய்க் கோட்டையைப் பிடித்தார்கள். கொள்ளைக்காரர்கள் தங்கியிருந்த, பாதி இடிந்த காவல் கோட்டை. ஒரு நாள் சண்டைக்கான இடம் என்றுதான் அதை வரைந்திருந்தேன். கடைசி வில்லாளி ஓடிப்போனதும் ஆரியங்காவு அண்ணாச்சி பகடையைக் கீழே வைத்துவிட்டு, “சரி தம்பி, இனி இந்தப் பாதையில போற வண்டிக்கு வரி யாரு வாங்குறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கொடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதில் என்ன செய்தோம், எது உடைந்தது, எதை மாற்றினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் இந்த விளையாட்டை ஆடுகிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் எங்கள் மேசை. செங்கோட்டையில் என் பைண்டிங் கடையின் பின்னறை. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து இருட்டும் வரை. கணவாய்க்கு அந்தப்புறம், கேரள மேல்பக்கத்திலிருந்து அண்ணாச்சியும் புனலூரில் கல்லூரி படிக்கும் அவர் மகளும் வருவார்கள். தென்காசியிலிருந்து மருந்துக்கடைத் தம்பி, இலஞ்சியிலிருந்து ஒரு டீச்சர், புளியரையிலிருந்து என் மச்சான். ஆடுவது 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மச்சான் போர்வீரன், டீச்சர் மதகுரு, தம்பி திருடன், அண்ணாச்சி காட்டுக்காவலன், அவர் மகள் மந்திரக்காரி. ராஜ்ஜியம் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் ஐந்தாம் நிலையில் இருந்தார்கள் (பாத்திரத்தின் பலம் நிலை நிலையாக ஏறும்).

ராஜ்ஜியத்துக்கு முன்னால் ஓய்வு

ராஜ்ஜிய விதிகளைத் தேடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாலு செஷன், எட்டு மாதம் ஆடியிருக்கிறோம். கதைக்குள் எத்தனை நாள் போயிருக்கிறது? 19 நாள். சாதாரண விதியில் 8 மணி நேரம் தூங்கினால் காயம் ஆறிவிடும், செலவழித்த மந்திரமும் முழுசாகத் திரும்பி வந்துவிடும். அதனால் மறுநாளே அடுத்த சாகசத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த வேகத்தில் ஒரு வயலில் நாற்று நட்டால் அது விளைவதற்குள் எங்களுக்கெல்லாம் நரைத்துவிடும்.

ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே இதற்கு ஒரு விருப்ப விதி உண்டு. கொஞ்சம் தேறும் குறு ஓய்வு 8 மணி நேரம், முழுசாகத் தேறும் நீள் ஓய்வு 7 நாள். பலரும் இதை விளையாட்டைக் கடினமாக்கும் விதி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இதை ஒரு நாட்காட்டியாகத்தான் பார்க்கிறேன். ஒரு சண்டைக்குப் பிறகு ஒரு வாரம் படுத்தே ஆக வேண்டும் என்றால், கோட்டைக்குள் ஒரு வாரம் நடக்கிறது. கொத்தனார் கல் அடுக்குகிறார், வியாபாரி வந்து போகிறார், பக்கத்து ஊர்க்காரன் பொறாமைப்படுகிறான். ராஜ்ஜியம் வேண்டும் என்கிற மேசை முதலில் சேர்க்க வேண்டிய விதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இது இல்லாமல் மற்ற எதைச் சேர்த்தாலும் காலம் நகராது.

அதோடு நானாக ஒன்று சேர்த்தேன்: நீள் ஓய்வு கூரைக்கும் காவலுக்கும் உட்பட்ட இடத்தில் மட்டுமே செல்லும். அன்றிலிருந்து கோட்டைக்கு மதிப்பு வந்தது. மந்திரக்காரிக்கு இதில் நஷ்டம் இருந்தது. 8 மணி நேரம் நிற்கும் மந்திரக் கவசம், ஒரு வாரத்துக்கு ஒருமுறைதான் மந்திரம் திரும்பும் என்றானபின் எந்த மூலைக்கு? “மாமா, என் கேரக்டர் மட்டும் தண்டனை அனுபவிக்குது” என்று அண்ணாச்சி மகள் சொன்னது நியாயம். 8 மணி நேரம் நிற்பதெல்லாம் 2 நாள் நிற்கும் என்று மாற்றினேன். பிறகு புகார் வரவில்லை.

கோட்டையைச் சீரமைக்கவும் அதே கையேட்டின் அட்டவணையை எடுத்தேன். காவல் கோட்டை கட்ட 15,000 பொன், 100 நாள். சிறு அரண்மனைக் கோட்டை என்றால் 50,000 பொன், 400 நாள். பெரிய அரண்மனைக்கு 5,00,000 பொன், 1,200 நாள். எங்களுடையது பாதி நிற்கும் சுவர் என்பதால் மூன்றில் ஒரு பங்கு வைத்தேன்: 5,000 பொன், 35 நாள். அந்த அட்டவணைக்குக் கீழே ஒரு சின்ன வரி இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. கட்டுகிறவர் இடத்தை விட்டு விலகியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் கூடும். எங்கள் ஆட்கள் 6 நாள் வெளியே போனார்கள், 35 நாள் வேலை 53 நாள் ஆனது. வீடு கட்டிய எவருக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

வேறு சில விருப்ப விதிகளையும் இதற்கிடையில் போட்டுப் பார்த்தோம். எதிராளியின் இரு பக்கமும் ஆள் நின்றால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கும் சலுகை, தரும் விதியை நாலு செஷனில் எடுத்துவிட்டேன். அட்வான்டேஜ் அத்தனை மலிவாகக் கிடைத்தால் ஒளிந்து வருவது, கூட்டாளிக்கு உதவுவது எதற்கும் வேலையில்லை. தம்பியின் திருடன் திருடனாக இருப்பதையே விட்டுவிட்டான். உருட்டலோடு கூடுதல் பகடை சேர்க்க உதவும் ஹீரோ பாயின்ட்ஸ் எங்களுக்கு ஒட்டவில்லை. மனத்திட விதி மட்டும் நிலைத்தது. தோற்கும் பக்கம் விஸ்டம் (விவேகம்) பகடைச் சோதனையில் 10 எடுக்காவிட்டால் ஓடும், ஓட வழியில்லை என்றால் சரணடையும். அதுவரை எங்கள் சண்டைகளில் எல்லோரும் செத்தார்கள். அதன் பிறகு கைதிகள் கிடைத்தார்கள். கைதிகளை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் ராஜ்ஜியத்தின் முதல் குடிகள் வந்தார்கள்.

முதல் முயற்சி: பேரேடு

ராஜ்ஜிய விதி இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1974ல் வந்த முதல் புத்தகங்களிலேயே, கோட்டை கட்டிய வீரன் தலைக்கு ஆண்டுக்கு 10 பொன் வரி வாங்கலாம் என்று இருக்கிறது. 1984ல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய கம்பேனியன் என்ற விதிப் பெட்டியில் நாட்டை ஆளவும் பெரும் படை மோதவும் தனித்தனி விதிகள் வந்தன. 1995ல் வந்த பர்த்ரைட் என்ற கதை உலகத்தில் ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலிருந்தே அரசர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஆட்சிச் சுற்று.

நான் எடுத்தது பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் விதிகளை. 2010ல் ஆறு பாகமாக வந்த கிங்மேக்கர் கதைக்காக எழுதி, 2013ன் அல்டிமேட் கேம்பெய்ன் புத்தகத்தில் விரித்தது. மாதம் ஒரு சுற்று, அதில் நாலு கட்டம்: பராமரிப்பு, ஆணை, வருமானம், நிகழ்வு. பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என்று மூன்று எண்கள். கட்டுமானப் புள்ளிகள்தான் காசு. அதிருப்தி 11ஐத் தொட்டால் நிலம் கையைவிட்டுப் போகத் தொடங்கும், 20 ஆனால் நாடு அராஜகம். மிகக் கவனமாகச் செய்த விதிகள் இவை. எத்தனையோ மேசைகளில் மகிழ்ச்சியாக ஆடப்பட்டவை. எங்கள் மேசையில் ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

என் தொழில் கணக்கு நோட்டு பைண்டிங். நல்ல லெட்ஜர் காகிதத்தில் கட்டம் போட்டு, துணி முதுகு வைத்து, ராஜ்ஜியத்துக்கென்றே ஒரு பேரேடு தைத்தேன். முதல் சுற்று 1 மணி 40 நிமிடம் ஓடியது. நானும் டீச்சரும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். மற்ற மூவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அமைதியாக வைத்துவிட்டார். அவர் வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் படித்தது மலையாள மீடியம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவருடைய ராஜ்ஜியத்தை அவரால் வாசிக்க முடியாத ஒரு நோட்டுக்குள் வைத்துவிட்டேன் என்பது அன்றைக்கு இரவுதான் எனக்கு உறைத்தது. அது என் தவறு, இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் கணக்கிலேயே இருந்தது. சோதனைக்கான இலக்கு 20ல் தொடங்கி, பிடிக்கும் நிலத்துக்கு ஒன்று, நகர வட்டத்துக்கு ஒன்று என்று மெதுவாக ஏறுகிறது. கட்டிடம் கட்டினால் எண்கள் அதைவிட வேகமாக ஏறுகின்றன. ஏழாவது சுற்றில் 20 பக்கப் பகடையில் 1 விழுந்தால் மட்டுமே தோல்வி என்ற நிலைக்கு வந்துவிட்டோம். பிறகு எதற்குப் பகடை?

அம்மா சொன்னது

அடுத்த ஞாயிறு டீ கொண்டுவந்த அம்மா, நோட்டை நாங்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “ஏய்யா, யாரு குழியில எத்தனை காய் கிடக்குன்னு கண்ணால பாக்காம எப்படிய்யா ஆடுவீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவர் மனதில் இருந்தது பல்லாங்குழி. வேறு ஆட்டத்தை அவர் ஆடியதில்லை.

இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, மொத்தம் 14. அன்று இரவு தூக்கம் வரவில்லை. குறளில் அரசனுக்கு வேண்டியவை ஆறு என்று 381ல் வருகிறது: படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண். ஆறு குழி. ஏழாவது, பொருள். இது நம் பக்க வரிசை. எதிர் வரிசையில் காலத்தை வைத்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுதும் ஆறுதான், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். ஆறு பொழுதுக்கு ஆறு குழி. மிஞ்சிய ஒன்று மக்களின் முணுமுணுப்புக்கு. 14 குழியும் நிறைந்தது.

ஒரு பொழுது ஒரு ஆட்சிச் சுற்று. 60 நாளில் கட்டும் வணிகச் சாவடி ஒரு சுற்று, 100 நாள் காவல் கோட்டை இரண்டு சுற்று, 400 நாள் அரண்மனைக் கோட்டை ஏழு சுற்று. நாள் கணக்கு எழுத வேண்டிய தேவையே போய்விட்டது.

பலகை

வீட்டிலிருந்த மரப் பலகை பாட்டி காலத்தது, அதில் கை வைக்க மனமில்லை. பலா மரத்தில் 60 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 28 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு வாங்கினேன். குழி எப்படித் தோண்டுவது என்று ஆசாரியிடம் கேட்டேன். அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்ச் பதிக்கும் 35 மி.மீ. பிட்டை எடுத்துக் காட்டினார். அடிப்பாகம் தட்டையாக, சுத்தமாக வருகிறது. ஆழம் 12 மி.மீ. மையத்துக்கு மையம் 70 மி.மீ. விட்டோம்.

கை டிரில்லில் முதல் குழி சறுக்கி விளிம்பு நாராகப் பெயர்ந்தது. நல்லவேளை அது ஓரக்குழி. பலகையைத் திருப்பி, அந்தப் பக்கத்தை அறுத்துவிட்டு, ஸ்டாண்டில் டிரில்லை மாட்டித்தான் மற்றவற்றைப் போட்டோம். இதை வீட்டில் செய்பவர்கள் ஸ்டாண்ட் இல்லாமல் தொடாதீர்கள். பிட்டின் நடு முள் ஒவ்வொரு குழியிலும் சின்ன ஓட்டை விடும். இழைத்த தூளில் ஃபெவிகால் குழைத்து அடைத்தேன். 120, பிறகு 220 உப்புத்தாள். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு, இடையில் இரண்டு நாள் காயவிட்டேன். சாரல் காலமானதால் ஒரு நாள் கூடவே வைத்தேன்.

குழிக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. சால்டரிங் அயர்னால் சுட்டுப் படம் போட்டேன்: வேல், வீடு, கதிர், ஓலை, கோத்த இரு கை, மதில். பொருளுக்கு ஒரு பானை. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். கதிர் இருந்த குழியில் விரலை நிறுத்தி, “இது எனக்கு” என்றார்.

காய்க்கு முதலில் புளியங்கொட்டை போட்டோம். ஒன்பது பத்துக்கு மேல் குழியில் நிற்கவில்லை, உருண்டு கீழே போனது. அடுத்த வாரம் அண்ணாச்சி மகள் ஒரு பை நிறைய மஞ்சாடி கொண்டுவந்தாள். நம் பக்கம் ஆனைக் குன்றிமணி என்பார்கள். சிவப்பாக, வழவழவென்று, நாலு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். குழியில் இருபதுக்கும் மேல் தாராளமாக நிற்கிறது. புளியங்கொட்டையை நான் தூக்கிப் போடவில்லை. அது முணுமுணுப்பு ஆனது. அந்தக் குழியில் கறுப்புக் கொட்டை மட்டும்தான் விழும். ஒரு கொட்டை விளிம்பைத் தாண்டி உருண்டு மேசையில் விழுந்தால் கலகம். எண்ணே வேண்டாம். கொட்டையை வைக்கிற கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

எப்படி ஆடுகிறோம்

நம் பக்க வரிசையின் எல்லாக் குழியிலும் 5 மஞ்சாடியோடு தொடங்கினோம். ஆளுக்கு ஒரு குழி: மச்சான் படை, டீச்சர் குடி, அண்ணாச்சி கூழ், தம்பி நட்பு, மந்திரக்காரி அரண். அமைச்சு என் பொறுப்பு, ஒரு வயதான கணக்கப்பிள்ளை பாத்திரம். பொருள் குழி பொழுதுக்கு ஒருவராகச் சுற்றி வரும். அந்தப் பொழுதுக்கு அவர்தான் அரசர்.

சுற்றின் நாலு கட்டத்தையும் குறளிலிருந்தே எடுத்தேன்: இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல். இயற்றலில் ஆளுக்கு ஒரு முயற்சி. இரண்டு ஆறு பக்கப் பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை தன் குழியிலுள்ள காய் எண்ணிக்கைக்குள் அடங்கினால் வெற்றி. அடங்காவிட்டால் பொருளிலிருந்து ஒன்று கொடுக்கலாம், இல்லையென்றால் முணுமுணுப்பில் ஒரு கறுப்பு. உருட்டும் முன் பொருளிலிருந்து காய் எடுத்து வைத்தால், வைத்த ஒவ்வொன்றுக்கும் இலக்கு ஒன்று கூடும். இரண்டும் ஆறாக விழுந்தால் எப்போதும் தோல்வி.

ஏன் 20 பக்கப் பகடையை விட்டேன் என்றால், அதில் ஒவ்வொரு காய்க்கும் ஒரே மதிப்பு, 5 சதவீதம். இரண்டு பகடையில் நடுவில்தான் கனம். 6 காயில் 36க்கு 15 வாய்ப்பு, 7 காயில் 21. ஒரே காய், ஆனால் கிட்டத்தட்ட 17 சதவீதம் ஏறுகிறது. 10லிருந்து 11க்குப் போனால் 33லிருந்து 35, வெறும் 6 சதவீதம். அதனால் ஒரு குழியை மட்டும் நிரப்பிக்கொண்டே போவதில் லாபமில்லை. மெலிந்த குழியை ஏழுக்குக் கொண்டுவருவதுதான் புத்தி. முதல் முயற்சியில் எங்களைக் கெடுத்த வீக்கம் இதில் வரவே இல்லை. இதை நான் யாருக்கும் விளக்கவில்லை. மூன்றாவது சுற்றில் டீச்சரே காயை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னார்.

எனக்கு மிகப் பிடித்தது வகுத்தல். பொருள் குழியில் ஐந்துக்கு மேல் மிஞ்சியதை அரசர் எடுத்து, தனக்கு விருப்பமான குழியில் தொடங்கி, பல்லாங்குழியில் போடுவதுபோல் குழிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசிக் குழி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே இடத்தில் கொட்ட முடியாது. மூன்று காய் மிஞ்சிய ஒரு கூதிரில் மச்சான் அரசர். அரணில் தொடங்கினால் அரண், படை, குடி. டீச்சர் குடியில் தொடங்கச் சொன்னார்: குடி, கூழ், அமைச்சு.

“அத்தான், எல்லையில ஆள் நிக்குது, சோறு அப்புறம் பாக்கலாம்” என்று மச்சான் என்னிடம் சொன்னார்.

“நிக்கிற ஆளுக்குச் சோறு யாரு போடுவா? மூணு படைக்காய்க்கு ஒரு கூழ்க்காய் ஒவ்வொரு பொழுதும் தின்னுது, எண்ணிப் பாருங்க.”

தம்பி மச்சான் பக்கம், அண்ணாச்சி டீச்சர் பக்கம். பத்து நிமிடம் குரல் ஏறியது, டீ ஆறிப்போனது. போன் ஒருவர் கையிலும் இல்லை. நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை வருஷ வேலைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

சுங்கம்

ஈட்டலில் குடியிலிருந்து வருவது சிறிசு, இரண்டு குடிக்காய்க்கு ஒரு பொருள். பெரிய வருமானம் கணவாய்ச் சுங்கம். எல்லையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. சங்கு முத்திரை வைத்த வளைவு இன்னும் ஊரில் நிற்கிறது. 2017ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் போகும் வரை லாரிகள் வரிசைகட்டி நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கிருந்து காய்கறியும் அரிசியும் மேலே போகும், அங்கிருந்து ரப்பரும் மரமும் இறங்கும்.

நான் முதலில் வைத்த விதி: சுங்கத்தைத் தளர்த்தினால் 1 காய், நடுத்தரம் 2, இறுக்கினால் 4. எல்லோரும் இறுக்கிக்கொண்டே போனார்கள். இதைச் சரி செய்தது அண்ணாச்சிதான். “தம்பி, கேட்டை இறுக்கினா சரக்கு நிக்காது, காட்டு வழியா போகும். அரிசி தலைச்சுமையா குகை வழியா போன கதை எங்கப்பா சொல்லியிருக்கார்.” அவர் சொன்னபடி விதி மாறியது. இரண்டு பொழுது தொடர்ந்து இறுக்கினால் நட்பில் ஒரு காய் குறையும், முணுமுணுப்பில் ஒன்று விழும். அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த எங்கள் வரைபடத்தில் காட்டு வழி என்று ஒரு புது அறுகோணமும் முளைக்கும். அதைத் தேடிப் போவது அடுத்த சாகசம். கணக்கிலிருந்து கதை பிறந்த இடம் அது.

காலத்திலும் அவர் ஒரு திருத்தம் சொன்னார். பெரும்பொழுதுக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். “ஆனி ஆடியில வேனிலா? எங்க வீட்டு ஓடு ஒழுகுறதை வந்து பாருங்க.” உண்மை. தென்மேற்குப் பருவமழை மேல்பக்கம் கொட்டும்போது கணவாய் வழியே நமக்குச் சாரலாக வரும் மாதங்கள் அவை. குற்றாலத்துக்குச் சீசனும் அப்போதுதான். கீழ்ப்பக்கக் குளம் நிரம்புவது ஐப்பசி கார்த்திகையில். எனவே எங்கள் வரைபடத்தில் முதுவேனில் குழி வரும்போது மேற்கு அறுகோணங்களில் பாதை அடைபடும், சுங்கம் பாதிதான். கூதிரில் கிழக்கு அறுகோணங்களில் கூழ் முயற்சிக்கு ஒரு காய் கூடும். பெயர்களை மாற்றவில்லை, மழையை மட்டும் நம் ஊருக்குத் தக்கபடி வைத்துக்கொண்டோம்.

உடைந்த இடங்கள்

நிகழ்வு அட்டவணைதான் மோசமாக உடைந்தது. மறைவாகப் பகடை உருட்டி, “களஞ்சியத்தில் தீ, கூழில் மூன்று காய் போச்சு” என்றேன். அண்ணாச்சி நாலு பொழுது சேர்த்த காய். அவர் எதுவும் சொல்லாமல் மூன்றை எடுத்துக் கொடுத்தார், அதன் பிறகு அன்று முழுவதும் பேசவில்லை. கேட்காமல் வந்த இழப்பு, தடுக்க வழியும் இல்லை. அவர் எதை முடிவு செய்திருக்க முடியும்?

அந்த வாரமே மாற்றினேன். இப்போது எந்தக் கேடும் ஒரு பொழுது முன்னாலேயே பலகையில் தெரியும். அடுத்த பொழுதின் குழியில் ஒரு கறுப்புக் கொட்டை வைப்பேன். ஏதோ வருகிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அமைச்சு முயற்சியைச் செலவழித்து ஒற்றறியலாம், அல்லது நேரே போய்ப் பார்க்கலாம். காத்தல் கட்டத்தில் எந்தக் குழியிலிருந்தாவது இரண்டு காய் கொடுத்து முன்கூட்டியே அணை போடலாம். நான் செய்த எல்லா மாற்றங்களிலும் இதுதான் சிறந்தது. எதிர் வரிசைக்கு உயிர் வந்தது இதனால்தான்.

பெரும் படைச் சண்டைக்கு 1984 விதியை ஒருமுறை போட்டோம். இரு படைக்கும் மதிப்பெண் போட்டு, நூற்றுப் பகடை ஒரு உருட்டு, முடிந்தது. வேகம் நல்ல வேகம், ஆனால் மச்சானுக்கு வாள் எடுக்கவே இடமில்லை. இப்போது ஐவரும் போரின் ஒரு முக்கிய இடத்தில் சாதாரணமாகச் சண்டை போடுவார்கள். அதற்கு நடுவில் மூன்று முறை மச்சான் படைக் குழிக்கு எதிராக உருட்டுவார். அந்த முடிவைப் பொறுத்து எதிரி பக்கம் ஆள் கூடும் அல்லது குறையும்.

2024 கையேட்டில் வந்த பாஸ்டியன் விதிகளைத் தம்பி கொண்டுவந்து காட்டினான். ஐந்தாம் நிலையிலிருந்து ஆளுக்கு ஒரு தளம், 7 நாளுக்கு ஒரு சுற்று. எங்கள் நீள் ஓய்வோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது அவரவர் வீடு. ஒருவர் முடிவு அடுத்தவர் குழியைத் தொடுவதில்லை. தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மேசைக்கு அது சரி. எங்களுக்கு ஒரே பானைதான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் அதை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

இப்போது

இப்போது ஒரு சுற்று 25 நிமிடத்தில் முடிகிறது. ஒன்பது பொழுது ஆண்டிருக்கிறார்கள். குடி 8, கூழ் 7, நட்பு 4. சுங்கத்தை இறுக்கியதன் கடன் இன்னும் தீரவில்லை. முணுமுணுப்பில் ஆறு கொட்டை.

ஒரு சிக்கல் மட்டும் முன்னால் நிற்கிறது. அடுத்த செஷனில் எல்லோரும் ஒன்பதாம் நிலைக்கு வருகிறார்கள். மந்திரக்காரிக்குக் கல்மதில் எழுப்பும் மந்திரம் கிடைக்கும். 10 நிமிடம் கவனம் சிதறாமல் பிடித்தால் அந்தச் சுவர் நிரந்தரம். 15,000 பொன்னும் 100 நாளும் எதற்கு, அவளே எழுப்பிவிடுவாளே? மந்திரத்தைத் தடை செய்ய எனக்கு மனமில்லை. அந்த நிலைக்கு வர அவள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆடியிருக்கிறாள். பொழுதுக்கு ஒரு காய் மட்டும் மந்திரத்தால் அரணில் சேரலாம், அதற்கு மேல் போனால் வேலையிழந்த கொத்தனார்களுக்காக ஒரு கறுப்பு விழும் என்று வைத்துப் பார்க்கப்போகிறேன். இதை வாட்ஸ்அப்பில் சொன்னதும் டீச்சர், கொத்தனார்களுக்குக் குளம் வெட்டும் வேலை கொடுத்தால் கறுப்பு விழாதா என்று கேட்டிருக்கிறார். அதையும் விதியில் சேர்த்தாகிவிட்டது.

இந்த ஞாயிறு ஆட்டம் ஆரியங்காவில், அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில். பலகையைப் பழைய பைண்டிங் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முன்பனிக் குழியில் இருந்த கறுப்புக் கொட்டையைத் தனியாக ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே முன்பனி என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு ஒரு பனித்துளி வரைந்தேன்.